முடக்குவாதத்தில் கால் ஏன் தடுமாறுகிறது? நிலையாக நிற்கப் பழகும் வழிகள்

முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடுகிறீர்கள். அடுத்த நொடியே உடம்பு ஒரு பக்கமாகச் சாய்வது போல இருக்கிறது. கை தானாகச் சுவரைத் தேடுகிறது. கண்ணைத் திறந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. எனக்கு முடக்குவாதம் வந்த நான்காவது வருடம் தடுமாற்றம் இப்படித்தான் தொடங்கியது. தலைசுற்றல் என்று நினைத்தேன். ரத்த அழுத்தம் பார்த்தோம், சர்க்கரை பார்த்தோம். இரண்டும் சரியாகவே இருந்தன. பல மாதம் கழித்து ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் புரிய வைத்தார்: "உங்களுக்குத் தலை சுற்றலைம்மா. கால் எங்க இருக்குங்கிற சேதி மூளைக்குச் சரியா போய்ச் சேரலை."

முடக்குவாதம், சரவாங்கி, டாக்டர் சீட்டில் ஆர்.ஏ. (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று எந்தப் பெயரில் உங்களுக்கு இது அறிமுகமாகியிருந்தாலும், வலியையும் வீக்கத்தையும் பற்றி நிறையச் சொல்லியிருப்பார்கள். தடுமாற்றத்தைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். மாத்திரை வேலை செய்து வலி அடங்கிய பிறகும் இந்தத் தடுமாற்றம் மிச்சமிருக்கலாம். அதைத் தனியாகப் பழகித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. நான் பழகிய வரிசையில், புதியவர்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

நாம் விழாமல் நிற்க மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது. ஒன்று கண். இன்னொன்று உள்காது. மூன்றாவது தசை, தசைநாண், மூட்டு, உள்ளங்கால் தோல் ஆகியவற்றிலிருந்து ஓயாமல் போய்க்கொண்டிருக்கும் தகவல். முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, பாரம் குதிகாலில் இருக்கிறதா விரலில் இருக்கிறதா என்பதெல்லாம் பார்க்காமலே நமக்குத் தெரிவது இதனால்தான். மின்சாரம் போன இரவில் சொந்த வீட்டு மாடிப்படியில் இறங்க முடிகிறதே, அந்த உணர்வு. ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-இல் இதற்குப் புரொப்ரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தார். நாம் தன்னுடல் உணர்வு என்று வைத்துக்கொள்வோம்.

முடக்குவாதம் கைவைப்பது இந்த மூன்றாவது வழியில். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, நீர் கோத்து, மூட்டைச் சுற்றியுள்ள உறையும் தசைநார்களும் இழுபடுகின்றன. தகவல் அனுப்பும் நுண்ணிய நரம்பு முனைகள் இருப்பதும் அங்கேதான்.

முழங்காலில் நீர் கோப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீங்கிய முழங்கால் தொடைத் தசையை அடக்கிவிடும், வலி இல்லாவிட்டாலும். ஆரோக்கியமானவர்களின் முழங்காலுக்குள் 20 முதல் 30 மில்லி உப்பு நீரைச் செலுத்திப் பார்த்த ஆய்விலேயே தொடையின் உட்பக்கத் தசை மந்தமானது தெரிந்தது. அது நாலு முதல் ஆறு தேக்கரண்டி அளவுதான். 'முட்டி திடீர்னு விட்டுக்கொடுக்குது' என்று நம்மில் பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் சோம்பலோ மனப்பிரமையோ அல்ல. டாக்டரிடம் 'முட்டி விட்டுக்கொடுக்கிறது' என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

அப்புறம் பாதம். முன்பாதத்தின் சின்ன மூட்டுகள் வீங்கும்போது கூழாங்கல்மேல் நடப்பது போல இருக்கும். அந்த வலிக்குப் பயந்து நாம் குதிகாலிலேயே பாரத்தைப் போட்டு, கணுக்காலை விறைப்பாக வைத்து நடக்கிறோம். நிலை தவறும்போது முதலில் சரிசெய்ய வேண்டியது கணுக்கால். அதுவே விறைத்திருந்தால் தடுமாற்றம் நேராக இடுப்புக்கும் முதுகுக்கும் ஏறிவிடும்.

முதல் படி: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் கழுத்து. பல வருடமாக முடக்குவாதம் உள்ள சிலருக்கு மண்டையோட்டுக்குக் கீழே முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள மூட்டு தளர்ந்துபோவது உண்டு. பின்னந்தலைக்கு ஏறும் கழுத்து வலி, குனிந்தால் முதுகிலோ கைகால்களிலோ மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, கையில் பொருள் நழுவுவது, நடை திடீரென்று மோசமாவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது: இவற்றில் ஏதாவது இருந்தால் எந்தப் பயிற்சியும் செய்யாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அந்தச் சந்தேகம் தீரும்வரை கழுத்தைச் சுழற்றும் பயிற்சி, சிரசாசனம், சர்வாங்காசனம் எதுவும் கூடாது. முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்க விடவே விடாதீர்கள்.

அடுத்து எலும்பு. பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் பல மாதம் எடுத்தால் எலும்பு மெலியும், தொடைத் தசையும் பலம் இழக்கலாம். முடக்குவாதமே எலும்பை மெலிய வைக்கும் நோய்தான். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தால், காலிலிருந்து தன்னுடல் உணர்வைக் கொண்டுபோகும் தண்டுவடப் பாதையே பாதிக்கப்படும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். முடக்குவாதத்தின்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு, எளிதாகச் சரிசெய்யக்கூடிய ஒன்றை விட்டுவிடுவது பெரிய நஷ்டம்.

கண்ணையும் மறக்க வேண்டாம். காலின் தகவல் குறையும்போது நாம் கண்ணை நம்பித்தான் நிற்கிறோம். முடக்குவாதத்துக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை எடுப்பவர்கள் தொடக்கத்தில் ஒரு முறையும், ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடமும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வது வழக்கம். தூக்க மாத்திரை, நரம்பு வலி மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை ஆகியவை சிலருக்குத் தள்ளாட்டம் தரும். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்

சமையல் மேடை பக்கத்தில் நில்லுங்கள். கூடவே ஒருவர் நிற்கட்டும். காலையில் எழுந்ததும் செய்ய வேண்டாம். மூட்டு இறுக்கம் தளர்ந்து உடம்பு இலேசான பிறகு, எனக்கு அது பதினொரு மணி, உங்களுக்கு எப்போதோ அப்போது செய்யுங்கள்.

இது நான்கு நிலைச் சோதனை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. முதியோருக்குப் பரிந்துரைப்பது. ஒவ்வொரு நிலையிலும் 10 விநாடி, கண் திறந்தபடி, எதையும் பிடிக்காமல். முதலில் இரண்டு பாதமும் ஒட்டி நிற்பது. அடுத்து ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னால் நகர்த்தி நிற்பது. மூன்றாவதில் ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் பெருவிரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்திருந்தால் அந்தப் பாத வரிசை உங்களுக்குத் தெரியும். நான்காவது ஒற்றைக் கால்.

மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியாத முதியவருக்கு விழும் அபாயம் அதிகம் என்று அந்த மையம் சொல்கிறது. உங்களுக்கு வயது 40 ஆகவே இருந்தாலும், அந்த நிலை முடியவில்லை என்றால் கவனிக்க வேண்டிய விஷயம்தான். முடியாததைக் கண்டு மனம் உடையாதீர்கள். எந்த நிலையில் தடுமாறுகிறீர்களோ அதற்கு முந்தைய நிலையிலிருந்து பயிற்சி தொடங்கும், அவ்வளவுதான். தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இன்னொன்று, கண்ணை மூடிப் பார்ப்பது. பாதங்களை ஒட்டி நின்று, கூட இருப்பவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்க, கண்ணை மூடுங்கள். கண் திறந்திருக்கும்போது நிலையாக நின்று, மூடியதும் ஆட்டம் மிகவும் அதிகமானால் காலின் தகவல் குறைந்திருக்கலாம் என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ரோம்பெர்க் விவரித்த இந்தச் சோதனையை நரம்பியல் டாக்டர்கள் இன்றும் செய்கிறார்கள். சோப்புப் போட்ட முகத்தோடு நான் தினமும் செய்துகொண்டிருந்ததும் இதைத்தான்.

மூன்றாம் படி: காலைக் கேட்கப் பழகுவது

பெரும்பாலானவர்கள் நேராக ஒற்றைக் காலில் நிற்கப் போகிறார்கள். என் அனுபவத்தில் அது தவறான தொடக்கம். மங்கலாக வரும் தகவலை வைத்துக்கொண்டு கடினமான வேலையைச் செய்தால் பயம்தான் கூடும். முதலில் உட்கார்ந்த இடத்தில் காலின் தகவலைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தப் படிக்கு நான் ஒரு மாதம் கொடுத்தேன். அந்த ஒரு மாதம்தான் எனக்கு அதிகம் உதவியது என்று இன்றும் நம்புகிறேன்.

பெருவிரல் விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். கண்ணை மூடிக் காலை நீட்டி உட்காருங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் பெருவிரலின் இரண்டு பக்கவாட்டிலும் மெதுவாகப் பிடித்துக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்தட்டும். மேலும் கீழுமாகப் பிடித்தால் அழுத்தத்தை வைத்தே விடை தெரிந்துவிடும், அதனால் பக்கவாட்டுப் பிடி முக்கியம். என் மகள்தான் எனக்குச் செய்வாள். "அம்மா, மேலயா கீழயா?" "மேல." "இல்லம்மா, கீழ." முதல் நாள் இடது காலில் பத்துக்கு ஆறுதான் சரி. பொதுவாக இது அநேகமாகத் தவறே வராத சோதனை. அதனால் தொடர்ந்து தவறினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். விரல் மூட்டு வீங்கியிருக்கும் நாளில் இதைச் செய்யாதீர்கள்.

அடுத்து முழங்கால். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, வலது காலைப் பாதி அளவு நீட்டி அப்படியே வையுங்கள். இடது காலை அதே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது கண்ணைத் திறந்து இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பார்த்துச் சரிசெய்து, மறுபடி கண்ணை மூடி அந்த நிலையை மனதில் பதிய வையுங்கள். காலுக்கு ஐந்து முறை. தொலைக்காட்சித் தொடரின் விளம்பர இடைவேளை இதற்குப் போதும்.

மூன்றாவது, தரையை அறிவது. துண்டு, கோரைப்பாய், தென்னைநார் மிதியடி, வெறும் டைல்ஸ் என்று நாலு விதத் தரையை நாற்காலி முன்னால் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி, கண்ணை மூடிப் பாதத்தை வைத்து எது என்று சொல்லுங்கள். பாதத்தில் மரத்துப்போன இடமோ புண்ணோ இருந்தால் சொரசொரப்பானவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பிறகு எழுந்து மேடையருகே நின்று பாதத்தின் மூன்று புள்ளிகளை உணருங்கள்: குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி. இப்போது பாரம் எதில் இருக்கிறது? என் பாரம் எப்போதும் வெளிப்பக்கக் குதிகாலில் இருந்தது. இடுப்பை மடக்காமல், கணுக்காலிலிருந்து மட்டும் முன்னும் பின்னும் இலேசாகச் சாய்ந்து, பாரம் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நகர்வதைக் கவனியுங்கள். ஊஞ்சல் நிற்கப் போகும் கடைசி ஆட்டம் அளவுக்கு ஆடினால் போதும்.

நான்காம் படி: எழுந்து உட்கார்வது

தகவல் சரியாக வந்தாலும் அதைக் கேட்டு வேலை செய்யத் தொடையிலும் கெண்டைக்காலிலும் பலம் வேண்டும். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருங்கள். ஐந்து முறையில் தொடங்கிப் பத்து வரை போகலாம். நாற்காலி தாழ்வாக இருந்தால் மடித்த போர்வையைப் போட்டு உயர்த்துங்கள், பலம் கூடக் கூட அதை எடுத்துவிடலாம். கை ஊன்ற வேண்டியிருந்தால் விரல் முட்டியால் ஊன்றவே கூடாது. விரல்கள் கோணிப்போக அதுவும் ஒரு காரணமாகும். முன்கையையோ திறந்த உள்ளங்கையையோ ஊன்றுங்கள்.

மேடையைத் தொட்டபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது, காலைப் பக்கவாட்டில் விரிப்பது, இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பாதம் வலித்தால் குதிகால் தூக்குவதை உட்கார்ந்தபடியே செய்யலாம்.

'பயிற்சி செய்தால் மூட்டு தேய்ந்துவிடும்' என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் நெருங்கியவர்களே சொன்னார்கள். ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பான யூலார் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகள், முடக்குவாதம் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி பாதுகாப்பானது, சிகிச்சையின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பான ஏ.சி.ஆரின் 2022 வழிகாட்டுதலும் விடாமல் செய்யும் உடற்பயிற்சியை அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது.

அளவு தெரிய ஒரு கணக்கு உண்டு. பயிற்சியால் கூடிய வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அடுத்த முறை குறைத்துச் செய்யுங்கள். ஒரு மூட்டு சூடாகவும் வீங்கியும் இருக்கும் நாளில் அந்த மூட்டின்மேல் பாரம் ஏற்ற வேண்டாம். அன்றைக்கு மூன்றாம் படிக்குத் திரும்பி, உட்கார்ந்து செய்பவற்றில் வலிக்காததை மட்டும் செய்யலாம்.

ஐந்தாம் படி: நிற்பது

இரண்டு சுவர் சேரும் மூலையில் முதுகைக் காட்டி நின்று, முன்னால் ஒரு கனமான நாற்காலியை அதன் முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏதாவது ஒன்று தாங்கும். சோதனையில் நீங்கள் தடுமாறிய நிலைக்கு முந்தைய நிலையில் 10 விநாடி, ஐந்து முறை. அது சிரமமில்லாமல் வந்தபின் 30 விநாடி. அப்புறம்தான் அடுத்த நிலை.

நாற்காலியை இறுக்கிப் பிடிப்பது விரல் மூட்டுக்கும் கெடுதல், பயிற்சிக்கும் கெடுதல். விரல் நுனியால் இலேசாகத் தொட்டாலே உடலின் ஆட்டம் குறைவது ஆய்வுகளில் நிரூபணமான விஷயம். அந்தத் தொடுதல் பாரத்தைத் தாங்குவதில்லை, மூளைக்கு இன்னொரு வழியாகத் தகவல் தருகிறது. எனவே முதலில் ஐந்து விரல், அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று, கடைசியில் கை நாற்காலிக்கு மேலே தொடாமல்.

ஒற்றைக் கால் நிலைக்கு அவசரம் வேண்டாம். சிறுவயதில் பாண்டி ஆடியபோது நொண்டியடித்த கால்தான், ஆனால் இப்போது முழு உடம்பின் பாரமும் ஒரே முன்பாதத்தில் இறங்கும். அந்தப் பாதத்தில் வலி உள்ளவர்கள், மற்றக் காலின் விரல் நுனி தரையைத் தொட்டபடி நின்றாலே போதும். அதுவே நல்ல பயிற்சி. கண்ணை மூடிச் செய்வதைப் பாதங்களை ஒட்டி நிற்கும் நிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

தினம் பத்துப் பதினைந்து நிமிடம் என்பது, வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மணி நேரம் செய்வதைவிட எவ்வளவோ மேல். 2019-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, வீட்டில் வாழும் முதியவர்களிடம் உடற்பயிற்சி விழும் நிகழ்வுகளை ஏறத்தாழ 23 சதவீதம் குறைத்ததாகச் சொல்கிறது. அந்தப் பயிற்சிகளில் பெரும்பாலானவை நிலைப் பயிற்சியும், எழுந்து உட்கார்வது போன்ற அன்றாட அசைவுகளும்தான். அது பொதுவான முதியவர்களைப் பற்றியது, முடக்குவாதத்துக்கென்று எடுத்தது இல்லை. என்றாலும் எனக்கு அந்த எண் பெரிய தெம்பு தந்தது. எனக்கு மூன்றாவது மாதத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. அதுவரை பொறுமையாக இருங்கள்.

ஆறாம் படி: நடையும் திரும்புதலும்

மேடையோரமாகப் பக்கவாட்டில் நண்டு போல நாலு அடி, திரும்ப நாலு அடி. பிறகு அடிப்பிரதட்சிண நடை. நடக்கும்போது பாதத்தையே பார்க்காமல் நாலைந்து அடி தள்ளிப் பாருங்கள்.

நடக்கும்போதைவிடத் திரும்பும்போது கவனம் அதிகம் வேண்டும். அடுப்பிலிருந்து சட்டென்று தொட்டிப் பக்கம் ஒரே காலில் சுழல்கிறோமே, அங்கேதான் முழங்காலும் கணுக்காலும் முறுக்கிக்கொள்கின்றன. தேர் தெருமுனையில் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டை போட்டுக் கட்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும். நீங்களும் சின்னச் சின்ன அடியாக நாலைந்து அடியில் திரும்புங்கள்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடி வேண்டியிருந்தால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரமே தடியின் உயரம். கைப்பிடியைத் துணியோ ஸ்பாஞ்சோ சுற்றித் தடிமனாக்கினால் விரல் வலி குறையும்.

வீடு, உடை, செருப்பு

குளியலறையில் துண்டு போடும் கம்பியும் குழாயும் உங்கள் பாரத்தைத் தாங்கா. சுவரில் துளையிட்டுப் பொருத்திய கைப்பிடி ஒன்றே தாங்கும். மெல்லிய கம்பியை நம் விரல்களால் இறுக்கிப் பிடிக்க முடியாது என்பதால், முன்கையையும் சாய்த்துக்கொள்ளும்படி நீளமானதாகப் படுக்கைவாட்டில் பொருத்தச் சொல்லுங்கள். முகம் கழுவுவதை ஸ்டூலில் உட்கார்ந்து செய்யுங்கள். எண்ணெய்க் குளியல் நாளில் உள்ளங்காலில் எண்ணெய் தடவுவதை விட்டுவிடுங்கள். தலையிலிருந்து வழிந்த எண்ணெய் தரையில் இருக்கும், அதனால் சீயக்காய்த்தூளைத் தரையிலும் தூவித் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் எழ வேண்டும்.

வாசல் தெளித்துக் கோலம் போடுவது விடியற்காலையில், மூட்டு மிகவும் இறுகியிருக்கும் நேரத்தில், ஈரத் தரையில், குனிந்து செய்யும் வேலை. விட மனமில்லாதவர்கள் நேரத்தைத் தள்ளி, தரை காய்ந்தபின் முக்காலியில் உட்கார்ந்து போடலாம். நான் அப்படித்தான் போடுகிறேன்.

வீட்டு நிலைப்படிகளின் விளிம்பில் பளிச்சென்ற வண்ணப் பட்டை ஒட்டுங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். இரவில் எழுந்தால் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுங்கள். புடவையையும் நைட்டியையும் தரையிலிருந்து மூன்று விரல் உயர்த்தியே கட்டுங்கள். வேட்டி கட்டுபவர்கள் படியில் மடித்துக் கட்டிக்கொள்ளலாம்.

செருப்பில், வார் போட்ட சாதாரண ரப்பர் செருப்பை நான் முழுவதுமாக விட்டுவிட்டேன். கழன்று விடாமலிருக்க விரலை மடக்கிப் பிடித்தே நடக்க வேண்டியிருக்கிறது. பின்பக்க வார் உள்ள, முன்பக்கம் அகலமான, மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு நம் ஊர்களில் சுலபமாகக் கிடைக்கிறது. வீட்டுக்குள் ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரையில் வெறும் சாக்ஸோடு நடக்க வேண்டாம்.

விழுந்துவிட்டால்

உடனே எழ முயல வேண்டாம். ஒரு நிமிடம் அப்படியே கிடந்து மூச்சு விடுங்கள். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ கடும் வலி இருந்தால், கால் ஒன்று குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால், தலையில் அடிபட்டிருந்தால், கழுத்து வலித்தால் அசையாமல் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, முன்கைகளை ஊன்றி, பக்கத்து நாற்காலிவரை நகர்ந்து, அதன் இருக்கையில் முன்கைகளை வைத்து, பலமான காலை முதலில் ஊன்றி எழுங்கள்.

அடிபடவில்லை என்றாலும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். என் முதல் விழுதலை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அதனால் ஏழெட்டு மாதம் வீணானது.

வீட்டாருக்கு

தடுமாறுகிறார் என்று பதறி அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். வீங்கிய விரல் மூட்டைப் பிடித்தால் அந்த வலியிலேயே அவர் நிலை தவறுவார். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் தோள்மூட்டுக்கு ஆகாது. அவருக்கு அரை அடி பின்னால், பலமில்லாத காலின் பக்கமாக நின்று, உங்கள் முழங்கையை மடக்கி முன்கையை நீட்டுங்கள். அவர் தன் முன்கையை அதன்மேல் வைத்துக்கொள்ளட்டும். எவ்வளவு சாய்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் அடி எடுத்து வைத்த பிறகு நீங்கள் வையுங்கள்.